லேவண்டர் கோழி: கறுப்பில் ஒளிந்திருக்கும் நிறம் (கேள்வி பதில்)

ஆர்பிங்டன், சில்க்கி, போலிஷ் கேப் என்ற அலங்காரக் கோழி இனங்களை வளர்க்கிறவர்களிடம் இருந்து வந்த கேள்விகள். லேவண்டர் என்பது வெளிர் சாம்பல், அது ஒடுங்கு நிறம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த ஜீன் வந்தால்தான் இறகில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் கோழி கறுப்பாகவே இருக்கும். அதைத்தான் 'ஸ்பிளிட்' என்கிறோம்.

அண்ணா, லேவண்டர் சேவல் வாங்கி என் கறுப்புப் பெட்டைகளோடு விட்டேன். பொரிந்த 14 குஞ்சும் கறுப்பு. ஏமாந்துட்டேனா?

இல்லை தம்பி. கறுப்புப் பெட்டையில் அந்த ஜீன் இல்லாவிட்டால் ஒரு குஞ்சுகூட லேவண்டராக வராது. குஞ்செல்லாம் அந்தச் சேவலுடையதுதான் என்றால் 14 குஞ்சும் ஸ்பிளிட், அதில் சந்தேகமே வேண்டாம். விற்றுவிடாதீர்கள். அதிலிருந்து நல்ல வெடையை (இளம் பெட்டையை)த் திரும்ப ஒரு லேவண்டர் சேவலோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி லேவண்டர் வரும்.

ஸ்பிளிட்டும் ஸ்பிளிட்டும் சேர்த்தேன். நாலில் ஒன்று வரும் என்றார்கள். 8 குஞ்சில் ஒன்றுகூட இல்லை.

நாலில் ஒன்று என்பது ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக உள்ள வாய்ப்பு. எட்டு குஞ்சில் ஒன்றுமே வராமல் போக 10 சதவீத வாய்ப்பு உண்டு. 16 குஞ்சு என்றால் அது 1 சதவீதம்தான். அதனால் இன்னொரு ஈடு வையுங்கள். பொரிந்த அன்றே நிறம் தெரிந்துவிடும். கறுப்புக் குஞ்சுக்கு முதுகு கறுத்து வயிறு வெளுத்திருக்கும். லேவண்டர் குஞ்சு வெளிர் சாம்பலாக இருக்கும்.

ஐயா, இரண்டு பக்கமும் லேவண்டரையே வைத்தால் எல்லாக் குஞ்சும் லேவண்டர்தானே? நடுவில் எதற்குக் கறுப்பு?

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. லேவண்டரோடு லேவண்டரையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் உடல் சிறுத்துவிடும், இறகும் கெட்டுப்போகும். வால் இறகிலும் சேவலின் இடுப்பு இறகிலும் இழைகள் பிய்ந்துபோய்க் காம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நிற்கும். 'ஷ்ரெடர்' என்பது இதுதான். இந்தக் குறை லேவண்டர் ஜீனுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இறங்குகிறது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். கறுப்போடு சேர்த்துத் திரும்ப எடுக்கும்போது சில குஞ்சுகளில் இரண்டும் பிரியும். அந்தச் சிலதைக் கண்டுபிடிக்கத்தான் நிறையக் குஞ்சு பொரிக்க வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் இருப்பதில் இறகு நன்றாக உள்ள லேவண்டரை, உடல்வாகும் அகல இறகும் உள்ள கறுப்போடு சேருங்கள். அடுத்த வருடம் ஸ்பிளிட்டோடு ஸ்பிளிட், ஆனால் தாய் வேறு வேறாக இருக்கட்டும். நேர் அண்ணன் தங்கை வேண்டாம், பொரிப்பு விழும். 40 குஞ்சு பொரிந்தால் சுமார் 10 லேவண்டர் வரும். அதில் இரண்டோ மூன்றோதான் இனவிருத்திக்கு நிறுத்தத் தகும். அவசரப்பட்டு மூன்று மாதத்தில் தேர்வு செய்யாதீர்கள். பெரிய வால் முழுதாக இறங்கிய பிறகு ஓர் இறகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இழையை விரலால் பிரித்துவிட்டு அடியிலிருந்து நுனிக்கு நீவினால் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் சிலும்பி நின்றால் அந்தக் கோழியை இனவிருத்திக்கு வைக்க வேண்டாம். அதற்கு முன் காம்படியில் செள், பேன் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இறகைப் பிய்க்கும். பெட்டையின் முதுகு மட்டும் வழுக்கையானால் அது சேவல் மிதித்தது.

லேவண்டர் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் நல்ல கறுப்பை வளர்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

என்னிடம் இருப்பது புளூவா, லேவண்டரா?

இரண்டுமே சாம்பல் நிறம்தான், ஆனால் ஜீன் வேறு. புளூவில் தலையும் கழுத்தும் அடர்ந்திருக்கும், ஆர்பிங்டன் மாதிரி இனங்களில் இறகின் ஓரத்தில் கரும் கோடும் ஓடும். லேவண்டர் தலை முதல் வால் வரை ஒரே சீர். சந்தேகம் தீராவிட்டால் சுத்தக் கறுப்போடு சேருங்கள். லேவண்டர் என்றால் எல்லாம் கறுப்பு. புளூ என்றால் பாதி புளூ. தயவுசெய்து இரண்டையும் ஒரே கூண்டில் கலக்காதீர்கள். கலந்த பின் எது எது என்று கண்ணால் பிரிப்பது பெரும்பாடு.

கறுப்புப் பெட்டை ஸ்பிளிட்டா என்று எப்படி அறிவது?

பார்த்துச் சொல்ல முடியாது. லேவண்டர் சேவலோடு சேர்த்துக் குஞ்சு எடுங்கள். ஒரு லேவண்டர் வந்தாலே ஸ்பிளிட். தொடர்ந்து 7 குஞ்சு கறுப்பாக வந்தால், ஸ்பிளிட்டாக இருந்தும் அப்படி நடக்க 128-இல் ஒரு வாய்ப்புதான். சோதிக்கும் முன் பெட்டையை மற்ற சேவலிடமிருந்து நான்கு வாரம் பிரித்து வையுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் தங்கும். இதை விட்டுவிட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

லேவண்டர் சேவலின் பிடரி வைக்கோல் நிறமாகிறது. ஏன்?

லேவண்டர் ஜீன் நிறமிகளைச் செல்லுக்குள் சரியாகப் பரவவிடாமல் திரளாகத் தங்க வைக்கிறது. கறுப்பு சாம்பலாகும், சிவப்பு வெளிர் வைக்கோலாகும். பிடரி மஞ்சளித்தால் வெயில் காரணமாக இருக்கலாம், கறுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிவப்பு எட்டிப் பார்ப்பதாகவும் (சிவப்புக் கசிவு) இருக்கலாம். இறகு உதிர்த்துப் புதிதாக முளைத்ததும் நிழலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் மஞ்சள் என்றால் கசிவுதான். பிடரியில் சிவப்பே எட்டிப் பார்க்காத கறுப்புச் சேவலைக் கொண்டு வாருங்கள்.

சாக்லேட் நிறமும் இப்படித்தானா?

அதுவும் ஒடுங்குதான், ஆனால் சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. சாக்லேட் சேவல், கறுப்புப் பெட்டை சேர்ந்தால் பெட்டைக் குஞ்சு எல்லாம் சாக்லேட், சேவல் குஞ்சு எல்லாம் ஸ்பிளிட். சாக்லேட்டைப் பொறுத்தவரை பெட்டையில் ஸ்பிளிட் என்று ஒன்று கிடையாது. கறுப்புப் பெட்டையை 'சாக்லேட் ஸ்பிளிட்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கோடையில் பொரிப்பு மோசம். முட்டை சேர்த்து வைப்பது எப்படி?

7 நாளுக்கு மேல் வேண்டாம். கூர்முனை கீழே இருக்கட்டும், 15 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல். பொரியும் தட்டில் ஒவ்வொரு ஜோடியின் முட்டைக்கும் தனி வலைத்தடுப்பு வையுங்கள், குஞ்சைத் தட்டிலிருந்து எடுக்கும்போதே கால் வளையம் போடுங்கள். குஞ்சு வளர வளர வளையத்தை மாற்றவும் மறக்காதீர்கள். இறுகினால் கால் போய்விடும்.