கான்வெக்ஸ் ஹல் தேர்வுக்கு மட்டும்தானா, ஆராய்ச்சியில் எங்காவது பயன்படுகிறதா?

கணிதம் படிக்கிறீர்கள், தேர்வுக்காக, ஹல்லைக் கண்டுபிடிக்கும் கிரஹாம் ஸ்கேன் வழிமுறையை எழுதிப் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கணிதத் துறை ஆள் இல்லை. கணினியில் புதுச் சேர்மங்களைத் தேடும் வேலையில் முனைவர் பட்டம் வாங்கியவள். என் ஆய்வேட்டில் பாதிப் படங்கள் கான்வெக்ஸ் ஹல்தான் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

புள்ளிகளை ஆணிகளாக அடித்து, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு மாட்டினால் அது இறுகி நிற்கும் வடிவம்தான் கான்வெக்ஸ் ஹல் என்ற விளக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். அதனாலேயே பலர் ஹல் என்றால் வெறும் எல்லைக்கோடு என்று நினைக்கிறார்கள். உயிரியலில் ஓரளவு அப்படித்தான். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைக் குறிக்கும் ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலுக்கு ஓர் இனத்தின் பரவலை அளக்கும்போது, அது பதிவான இடங்களையெல்லாம் சுற்றி ஹல் போட்டுப் பரப்பளவு எடுக்கிறார்கள். எங்கள் துறையில் கதை வேறு.

ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் என்னிடம், "ஏம்மா, புள்ளியைக் கோடு போட்டு இணைச்சதுக்கு டாக்டர் பட்டமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பலகைக்குப் போய் ஒரு கணக்கு எழுதினேன். கிடை அச்சில் எந்தத் தனிமம் எவ்வளவு பங்கு என்பது, செங்குத்து அச்சில் ஆற்றல்; ஆற்றல் குறையக் குறைய நிலைத்தன்மை கூடும். ஏ, பி என்று இரண்டு தனிமங்கள். இரண்டின் ஆற்றலும் சுழியம். சமபங்கில் சேர்ந்த ஏபி சேர்மத்துக்கு அணுவுக்கு −0.40 எலக்ட்ரான் வோல்ட். இப்போது மூன்று பங்கு ஏ, ஒரு பங்கு பி உள்ள புதுச் சேர்மத்துக்கு −0.15 வருகிறது. குறை எண்தானே, நிலைக்கும் என்று தோன்றும். நிலைக்காது. அதே நான்கு அணுக்கள் தனி ஏ இரண்டாகவும் ஒரு ஏபியாகவும் பிரிந்தால் சராசரி −0.20. அதாவது, ஏ-யையும் ஏபியையும் இணைக்கும் கோட்டுக்கு 0.05 மேலே நிற்கிறது என் சேர்மம். ஏ-யும் ஏபியும் கலந்த கலவையின் ஆற்றல் சரியாக அந்தக் கோட்டிலேயே விழும். ஹல்லின் அடிப்பக்கம் சொல்வது அதைத்தான்: எதுவாகப் பிரிந்தால் ஆற்றல் மிகக் குறையும் என்று. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸ் 1873-லேயே ஆற்றலை ஒரு வளைபரப்பாக வைத்து, அதைத் தொடும் தளங்களைக் கொண்டு எந்த நிலைகள் ஒன்றாக இருக்க முடியும் என்று காட்டினார். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அந்தப் பரப்பைத் தன் கையாலேயே பிளாஸ்டரில் செய்து அவருக்கு ஒரு பிரதி அனுப்பினார்.

2013-இல், படிக அமைப்புகளைக் கணினியில் கணிக்கும் ஒகானோவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோடியம்-குளோரின் ஹல்லை உயர் அழுத்தத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற நம் உப்போடு, ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின், மூன்று சோடியத்துக்கு ஒரு குளோரின் என்றெல்லாம் புள்ளிகள் ஹல்லிலேயே வந்து விழுந்தன. பள்ளியில் படித்த இணைதிறன் விதிப்படி இவை இருக்கவே கூடாது. இந்த இரண்டையும் ஆய்வகத்தில் செய்தும் காட்டிவிட்டார்கள்.

உடனே யாராவது வந்து, "வைரம் ஹல்லுக்கு மேலேதானே இருக்கிறது, அது என்ன கரைந்தா போய்விட்டது?" என்பார்கள். சரிதான். சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தான் கீழே. ஹல் சொல்வது எது நிலையானது என்பதை. மாற எவ்வளவு காலம் ஆகும் என்பதை அல்ல. வெப்பநிலையையும் பெரும்பாலான கணக்குகள் சேர்ப்பதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வேலைக்கும் எங்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் வந்ததே இல்லை. மெஸ் பாக்கிக்காகத் தோழிகளிடம் கடன் வாங்கியபடிதான் ஆய்வேட்டை எழுதினேன். இப்போது சேரும் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். "ஆராய்ச்சிக்கு ஏன் பெண்கள் வருவதில்லை" என்று கூட்டம் போடுபவர்கள் முதலில் இதைச் சரி செய்யட்டும்.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமென்றால், சேர்மங்களின் கணக்கிட்ட ஆற்றல்களைத் தரும் மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி அலுமினியம்-நிக்கல் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே தனிமம் என்பதால் வரைபடத்தாளில் கையாலேயே ஹல் போட்டுவிடலாம். நான்கு தனிமம் என்றால் கை உதவாது, ஹல்லைக் கணக்கிடும் குவிக்ஹல் நிரல் வேண்டும்.