ஜார்ஜியாவில் ஒரே நேரத்தில் மூன்று ஆளுநர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள் என்பதைவிட, மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள் என்பதுதான் சரி. அந்த அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர். 1946 தேர்தலில் ஜெயித்த யூஜின் டால்மட்ஜ் பதவியேற்கும் முன்பே டிசம்பரில் இறந்துவிட்டார். அப்படி நடந்தால் என்ன செய்வது என்று மாநில அரசியலமைப்பில் தெளிவாக இல்லை.

துணை ஆளுநராகத் தேர்வான தாம்ப்சன் பதவி தனக்குத்தான் என்றார், பழைய ஆளுநர் எல்லிஸ் ஆர்னால் இடத்தைக் காலி செய்யவில்லை, சட்டமன்றமோ இறந்தவரின் மகன் ஹெர்மனின் பெயரை வாக்காளர்களே வாக்குச்சீட்டில் எழுதிப் போட்ட 675 ஓட்டுகளைக் காட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் தில்லுமுல்லு: டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த ஊர்ப் பக்கம் செத்துப்போனவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்திருந்ததை ‘அட்லாண்டா ஜர்னல்’ பிறகு அம்பலப்படுத்தியது.

ஹெர்மன் ஆட்கள் அலுவலகப் பூட்டையே மாற்றிவிட, ஆர்னால் அதே கட்டடத்தின் நடுக்கூடத்தில் இருந்த தகவல் மேசையில் உட்கார்ந்து ‘ஆட்சி’ நடத்தினார். அரசு முத்திரையை வைத்திருந்த மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அதை யாரிடமும் கொடுக்காமல் தன் சக்கர நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார் (இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான்).

1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ப்சன் பக்கம் தீர்ப்பளித்தது. ஹெர்மன் விட்டாரா? 1948 சிறப்புத் தேர்தலில் தாம்ப்சனைத் தோற்கடித்து ஆளுநராகிவிட்டார்.