டாப்தார்ன் இறந்த இடத்தில் நிறுத்திவிட்ட மகளுக்கு

வணக்கம் சகோதரி. மைக்கேல் மொர்பர்கோவின் முதல் உலகப் போர்க் கதையான 'வார் ஹார்ஸ்' நாவலில் டாப்தார்ன் என்ற குதிரை செத்துப்போனதும் உங்கள் ஒன்பது வயது மகள் அழுது புத்தகத்தை மூடிவிட்டாள், மேலே படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கதையின் நாயகனான குதிரை ஜோயி, அதை வளர்த்த ஆல்பர்ட்டிடம் உயிரோடு திரும்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதை கெட்டுப்போகாது.

அடுத்து வருவதுதான் எனக்கு உயிரான இடம். இரு படைகளுக்கும் நடுவே, முள்கம்பி கிழித்த காலோடு ஜோயி தனியாக நிற்கும். ஒரு வேல்ஸ்காரரும் ஒரு ஜெர்மானியரும் பதுங்குகுழியிலிருந்து ஏறி வந்து, காசைச் சுண்டிப்போட்டு அது யாருக்கு என்று முடிவு செய்வார்கள். அதை அவள் கேட்காமல் விடக் கூடாது.

ஒன்று மட்டும், போர்க்காலத்தில் இரண்டு குதிரைகளையும் பார்த்துக்கொண்ட சிறுமி எமிலி இறந்த செய்தி கடைசியில் வரும். அந்தப் பக்கத்தை அவளைத் தனியாகப் படிக்க விடாதீர்கள்.