தெரிந்தவர்தானே

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். வயது 47. பதினெட்டு வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். 2023-ல் ஒரே நாளில் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். எவ்வளவோ விண்ணப்பித்தும் வேறு வேலை அமையவில்லை. கிரீன் கார்டு இருப்பதால் நோட்டரி, அதாவது கையெழுத்துப் போடுபவர் யார் என்று சரிபார்த்துச் சான்று கொடுப்பவர், ஆவதற்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டேன். 15,000 டாலர் பிணைப்பத்திரமும் இருக்கிறது, அதனால் பயமில்லை. வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தொழிலாக இதை வளர்க்க நினைக்கிறேன். உறவினர்கள் 'முத்திரை குத்துற வேலையா' என்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் இந்த வேலை எப்படி என்று ஒரு சித்தப்பா கேட்கிறார். போன மாதம் என் கணவரின் நண்பர் ஒருவர் ஊரில் உள்ள மனையைத் தங்கள் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தோடு வந்தார். அவர் மனைவியின் கையெழுத்தும் அதில் இருந்தது, மனைவி வரவில்லை. நான் மறுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். தெரிந்தவர்தானே, போட்டுக் கொடுத்திருக்கலாமோ, முதல் வாடிக்கையாளரையே விரட்டிவிட்டேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது. இந்த வயதில் இது எனக்கு இறக்கமா? மறுபடியும் ஐடி வேலைக்கே முயல வேண்டுமா?

ர.

பி.கு.: முத்திரையும் குறிப்பேடும் கணவரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன.

அன்புள்ள ர.,

பவர் பத்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் உடனே எழுதுகிறேன்.

'போட்டுக் கொடுத்திருக்கலாமோ' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. செய்ததெல்லாம் சரியாகச் செய்துவிட்டு எதற்கு அம்மா இந்தப் புலம்பல்? நீங்கள் விரட்டியது வாடிக்கையாளரை அல்ல. எதிரில் வராத ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு உங்களைச் சாட்சி சொல்லச் சொன்ன ஒருவரை. உங்கள் மாநிலச் செயலர் அலுவலகம் நோட்டரிகளுக்காக வெளியிடும் கையேட்டை இந்தக் கடிதத்துக்காகவே எடுத்து வாசித்தேன். 'இவரை எனக்கு நேரில் பழக்கம்' என்பதை அடையாளமாக ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தைக் கலிபோர்னியா 2008-லேயே எடுத்துவிட்டது. கூடப் பிறந்த தங்கையே வந்து நின்றாலும் பழக்கம் போதாது, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒரு சான்று கேட்டாக வேண்டும். பவர் பத்திரம் என்றால் உங்கள் குறிப்பேட்டில் வலது கைப் பெருவிரல் ரேகையும் வாங்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துதானே தேர்வு எழுதித் தேறினீர்கள்?

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் இங்கே உள்ள சொத்தை விற்கப் பவர் கொடுத்தால், அது அங்கே ஒரு நோட்டரி முன்னாலோ, நீதிமன்றத்திலோ, இந்தியத் தூதரகத்திலோ எழுதி உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு. இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அப்புறம் அதை வைத்து இங்கே கிரயம் எழுதலாம். அதாவது ஃப்ரீமாண்டில் உங்கள் சாப்பாட்டு மேசையில் நீங்கள் வைக்கும் முத்திரை, கும்பகோணத்தில் ஒரு வீட்டின் கதவைத் திறக்கும், இல்லையென்றால் யாரையாவது வெளியே தள்ளிப் பூட்டும்.

ஒரு அம்மா வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். வீட்டு வரி ரசீதில் பெயர் மாறியிருக்கிறதே என்று வில்லங்கம் போட்டுப் பார்க்க வந்தவர். போட்டுப் பார்த்தால் வீடு விற்றாகிவிட்டது. விற்றவர், அவர் பெயரில் பவர் வாங்கிய அண்ணன் மகன். பவர் எழுதப்பட்டது அமெரிக்காவில். அம்மா இளைய மகனோடு அங்கே சில மாதம் இருந்தது உண்மை. ஆனால் பத்திரத்தில் இருந்த தேதியைச் சொன்னதும், அன்னைக்கு நான் இங்கே இருந்தேனே என்றார். மஞ்சள் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் துணியில் சுற்றிய பாஸ்போர்ட். சென்னை விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரை அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முந்தையது. கையெழுத்தையும் பார்த்தோம். அந்த அம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, பேனாவை எடுத்து எடுத்து எழுதுபவர், ஐந்து எழுத்து முடிய அரை நிமிடம் ஆகும். பவரில் இருந்த கையெழுத்து ஒரே இழுப்பு. கீழே நோட்டரியின் சான்று, 'இன்னார் என் முன் நேரில் தோன்றினார்' என்று. அதைத் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "அவரு என்னைப் பாத்தாராமா?"

அன்றைக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதிவான கிரயத்தை ரத்து செய்யும் அதிகாரம் பதிவு அலுவலகத்துக்கு அப்போது கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எழுபது வயதில் ஒரு சொத்து வழக்கை ஆரம்பிப்பது என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நோட்டரி கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. மகனின் நண்பராக இருந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவராக இருந்திருப்பார். தெரிந்தவர்தானே என்று போட்டுக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தொழிலில் விலை உள்ள பொருள் மறுப்பு ஒன்றுதான். முத்திரை கடையில் கிடைக்கும். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆளைக் கடையில் வாங்க முடியாது. பதினெட்டு வருடம் மற்றவர்கள் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடித்து 'இது போகாது' என்று திருப்பி அனுப்பியவர் நீங்கள், இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சரி, தொழில். வீட்டுக்கடன் கையெழுத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 30 வருட வீட்டுக்கடன் வட்டி 2021 ஜனவரியில் சராசரி 2.65 சதவீதத்துக்கு இறங்கியிருந்தபோது எல்லோரும் பழைய கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கினார்கள், கையெழுத்து வாங்கித் தருபவர்களுக்கு ஓய்வே இல்லை. 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79. மூன்று சதவீதக் கடன் வைத்திருப்பவன் எதற்காக அதை மாற்றுவான்? உங்கள் வேலையைப் பறித்ததிலும் அந்த வட்டி ஏற்றத்துக்குப் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஒரே காற்றுக்கு இரண்டு முறை விழ வேண்டுமா? ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று உங்கள் மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது, போக்குவரத்துக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளலாம். இதில் இடைநிறுவனங்கள் பங்கு எடுத்தால் உங்களுக்குப் பெட்ரோல் காசுதான் மிஞ்சும்.

உங்கள் கையில் இருக்கிற மூலதனத்தை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. தமிழ். அந்தக் கையேட்டைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கையெழுத்துப் போடுபவரோடு நோட்டரி நேரடியாகப் பேச முடிய வேண்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் கூடாது, முடியாவிட்டால் அவர் மொழி தெரிந்த நோட்டரியிடம் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. ஆறு மாதம் பேரனைப் பார்க்க வந்த, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாயிடம், மகனையும் மருமகளையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, இது என்ன பத்திரம்னு தெரியுமா, உங்க மனசு ஒப்பித்தான் போடுறீங்களா" என்று கேட்க முடிந்த நோட்டரிகள் உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படிக் கேட்பவர் என்ற பெயர் பரவினால் சில பிள்ளைகள் உங்களிடம் வர மாட்டார்கள். வராமல் போகட்டும். ஆனால் பத்திரத்தை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள், எப்படி எழுதலாம் என்று யோசனையும் சொல்லாதீர்கள். நம் ஊரில் நோட்டரி என்றால் வக்கீல், அந்த நினைப்பில்தான் எல்லோரும் உங்களிடம் கேட்பார்கள். நீங்கள் வக்கீல் இல்லை. தமிழில் விளம்பரம் செய்தால் அதையும் ஆங்கிலத்தோடு தமிழிலும் போட வேண்டும் என்பது சட்டம்.

உறவினர்கள் சொல்வதற்கெல்லாம் பதில் தேவையில்லை. குடியுரிமை இல்லாமல் இந்த வேலை எப்படி என்று ஒரு சித்தப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். டெக்சாஸ் நோட்டரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லேயே அதை முடித்துவிட்டது. ஐடி வேலை வந்தால் போங்கள், இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

15,000 டாலர் பிணைப்பத்திரம் இருக்கிறது, பயமில்லை என்று எழுதியிருப்பது தவறு. அது உங்களால் பாதிக்கப்படுபவருக்கானது, கொடுத்ததை உங்களிடமே திரும்ப வசூலிப்பார்கள். உங்களுக்கென்று தனியாகக் காப்பீடு எடுங்கள். பின்குறிப்பில், முத்திரையும் குறிப்பேடும் கணவரின் மேசை இழுப்பறையில் இருப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கே அங்கிருந்து எடுங்கள். பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள். சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், கணவரிடம்கூட வேண்டாம்.