வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்யும் குழு, யோசனைகளை வரைந்து பேச எந்த ஆன்லைன் ஒயிட்போர்டு நல்லது?

சின்னக் குழு என்றால் எக்ஸ்காலிடிராவில் தொடங்குங்கள். கணக்கு எதுவும் திறக்க வேண்டாம். இணைப்பை அனுப்பினால் எல்லோரும் ஒரே பலகையில் வரையலாம். 2020இல் வந்த ஓப்பன் சோர்ஸ் கருவி இது. வரைவதெல்லாம் பிரவுசரிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. அந்தப் பூட்டின் சாவி, இணைப்பில் # குறிக்குப் பின்னால் இருக்கும், சர்வருக்குப் போகாது. இணைப்பு கையில் இருந்தால் சாவியும் இருக்கிறது என்று அர்த்தம், அதனால் அதைக் கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள்.

எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. எந்தக் கோடு போட்டாலும் கையால் கிறுக்கியது மாதிரியே வரும். (தமிழ் எழுத்துக்கு அந்தக் கிறுக்கல் அழகு கிடையாது, சாதாரண எழுத்துருதான்.) எங்கள் குழுவில் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து, பளபளவென்று ஒரு படம் செய்து கொண்டுவந்தார். "நல்லா இருக்கு" என்பதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. அதையே கோணல்மாணலாக வரைந்து காட்டியதும் ஆளாளுக்கு உள்ளே புகுந்து அம்புக்குறியை மாற்றினார்கள், ஒரு கட்டத்தையே அழித்தார்கள். பாதியில் நிற்கும் படத்தில்தான் கைவைக்கத் துணிவு வருகிறது போல.

ஸ்டிக்கி நோட், டைமர், வாக்கெடுப்பு எல்லாம் வேண்டுமென்றால் மிரோ, மியூரல், ஃபிக்ஜாம் மூன்றில் ஒன்று. டிசைனர்கள் ஏற்கெனவே ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் வேலை செய்தால் யோசிக்கவே வேண்டாம், அதே நிறுவனத்தின் ஃபிக்ஜாம்தான். மிரோவின் இலவசத் திட்டத்தில் மூன்று பலகைகளை மட்டுமே திருத்த முடியும். கூட்டத்துக்கு ஒரு பலகை என்று போனால் சீக்கிரமே முட்டிக்கொள்வீர்கள். ஒரே பலகையில் தேதி போட்டு ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதுவும் ரொம்பப் பெருத்துவிட்டால் பழைய லேப்டாப்கள் திணறும்.

எந்தக் கருவியானாலும் முதல் பத்து நிமிடம் மைக்கை அணைத்துவிட்டுத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மேலாளரின் நோட் முதலில் விழுந்தால் மற்ற எல்லா நோட்டுகளும் அதன் பக்கமே சாயும், பார்த்திருக்கிறேன். மிரோவில் இதற்கென்றே பிரைவேட் மோடு இருக்கிறது. அதைப் போட்டால், திறந்துகாட்டும்வரை ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

அப்புறம், பலகை என்றென்றும் அங்கேயே இருக்கும் என்று நம்பாதீர்கள். கூகுளே ஜாம்போர்டு என்ற தன் ஒயிட்போர்டை 2024 முடிவோடு மூடிவிட்டது. கூட்டம் முடிந்த கையோடு பிடிஎஃப் எடுத்துவிடுங்கள், முடிவான விஷயங்களை நாலு வரியில் தனியாக எழுதி அனுப்பிவிடுங்கள். நானூறு நோட்டுகளுக்கு நடுவே முடிவைத் தேடி யாரும் திரும்பி வரப்போவதில்லை. எக்ஸ்காலிடிரா என்றால் கட்டாயம் ஒருவர் கோப்பாகச் சேமிக்க வேண்டும். இலவசப் பதிப்பில் உங்கள் படம் பிரவுசருக்குள்தான் கிடக்கிறது. பிரவுசர் டேட்டாவை அழித்தால் படமும் சேர்ந்து போய்விடும்.