ராமேஸ்வரத்தில் விலைக்கு வந்திருக்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை நம்பி வாங்கலாமா?

எஞ்சினைப் பற்றிக் கடைசியாகக் கவலைப்படுங்கள். 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை); ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் ஓடிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்.

லிஃப்ட்டில் தூக்கச் சொல்லுங்கள். சேஸிஸ் குழாய்போல உள்ளே கூடாக இருக்கும். உப்பு மணல் புகுந்து ஈரத்தோடு தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். அதனால் வடிதுளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தையும், பொருக்கு உதிரும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், பிரேக் பைப், ஸ்டெப்னி தொங்கும் பகுதி ஆகியவை முக்கியம். அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சில் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அலையில் இறக்கிய வண்டியா என்பதை டிஃபரன்ஷியல் (அச்சில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் சொல்லிவிடும். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்குக்கு ஆபத்து. நாலு சக்கரத்துக்கும் விசை தரும் ஃபோர் வீல் டிரைவை மணலில் போட்டுச் சோதியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் கியர் இறுகும். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியென்றால் டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்திருக்கலாம், ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் அட்வான்ஸ் தராதீர்கள். சேஸிஸில் ஓட்டை விழுந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வெல்டு வைத்தாலும் பக்கத்து இடம் அரிக்கும்.