மூன்று வண்ணங்களே போதும்

கேள்வி: 1950களின் அமெரிக்க வடிவமைப்புப் பாணியில், தடித்த எழுத்துகளால் ஆன வண்ண லோகோ ஒன்றை வரைய முயல்கிறேன். எத்தனை முறை திருத்தினாலும் அது திருவிழாத் தோரணம் போலவே அமைந்துவிடுகிறது. பிழை எங்கே?

பதில்: வண்ணங்களின் எண்ணிக்கையில் என்றே கருதுகிறேன். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெர்பர்ட் மேட்டர், அமெரிக்காவின் நியூ ஹேவன் ரயில்வேக்காக 1954இல் உருவாக்கிய சின்னத்தைக் கவனியுங்கள். அவர் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை ‘எச்’ மீது அடுக்கி, எழுத்து முனைகளின் குறுக்குக் கட்டைகளைத் தடித்த பட்டைகளாக நீட்டி, ரயிலின் பக்கவாட்டில் தொலைவிலிருந்தே கண்ணில் படும் உருவமாக்கினார். பயன்பட்டவையோ செம்மஞ்சள் கலந்த சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்றே. நிழலோ சாயல் மாற்றமோ இன்றி அவை பரந்த பரப்புகளாக நின்றதால்தான் அத்தனை துலக்கம்.

ஆகவே முதலில் கறுப்பில் மட்டும் வரையுங்கள். எழுத்தின் தடிமனைப் போலவே எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியும் ஓர் உருவம் என்பதை (பலரும் மறப்பது இதைத்தான்) நினைவில் வைத்து, அது சீரான பிறகு ஒரே ஓர் அழுத்தமான வண்ணத்தைச் சேருங்கள். இரண்டாவது வண்ணம் தேவையா என்பது அப்போது தானாகவே தெரியும்.